ஸ்வீடிஷ் ஐவியும் கற்பூரவள்ளியும்: உறவு உண்டு, ஒரே மருந்து இல்லை

கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் தொங்கு தொட்டியில் ஸ்வீடிஷ் ஐவி, வெளியே தோட்டத்தில் கற்பூரவள்ளி. இரண்டும் ஒரே குடும்பம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருமல் சிரப் பாட்டிலில் 'ஐவி இலைச் சாறு' என்று அச்சிட்டிருப்பதையும் பார்த்திருக்கிறீர்கள். அப்படியானால் இந்தத் தொங்கும் கொடியின் இலையையும் இருமலுக்குக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மாதிரி வளர்க்கலாமா, வீட்டில் பூனை இருக்கிறதே, அதற்கு எது ஆபத்து?

குடிக்க வேண்டாம். ஒரே மாதிரி வளர்க்கவும் வேண்டாம், இரண்டில் ஒன்று செத்துப்போகும். பூனை விஷயத்தில் மட்டும் நிலைமை பெரும்பாலோர் நினைப்பதற்கு நேர்மாறு: மருந்துச் செடி என்று நம்பி வைத்திருக்கிற கற்பூரவள்ளிதான் அதற்கு ஆகாது, வெறும் அழகுக்கு என்று நினைக்கிற ஸ்வீடிஷ் ஐவியால் அதற்குத் தொந்தரவில்லை. மூன்று பதிலுமே ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன, இலையின் மேல்தோலிலிருந்து. அதற்குப் போகும் முன் உறவுமுறையைத் தீர்த்துவிடலாம்.

உறவு உண்மைதான். இரண்டும் புதினா, துளசி, தும்பை எல்லாம் இருக்கிற அதே குடும்பம். இளம் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள், வட்டமாக உருளாமல் நான்கு மூலை தட்டுப்படும். கற்பூரவள்ளியில் தண்டு தடித்துச் சதைப்பற்றாக இருப்பதால் மூலைகள் கொஞ்சம் மழுங்கியிருக்கும், ஆனாலும் நுனிப் பக்கம் தெரியும். இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும், அடுத்த கணுவில் அந்த ஜோடி குறுக்காகத் திரும்பியிருக்கும். பூ வந்தால் மேலுதடு கீழுதடு என்று பிளந்த சின்னப் பூ. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

உறவு எவ்வளவு நெருக்கம் என்பதில்தான் தாவரவியலாளர்களே பல காலம் முன்னும் பின்னும் போயிருக்கிறார்கள். கற்பூரவள்ளிக்குக் கோலியஸ் அம்போய்னிகஸ் என்று 1790-ல் பெயர் வைத்தவர் லூரெய்ரோ என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார். கோலியஸ் என்றால் கிரேக்க மொழியில் உறை என்று அர்த்தம், பூவுக்குள் மகரந்தத் தாள்களின் காம்புகள் ஒன்றாக ஒட்டி உறை மாதிரி சூலகத் தண்டைச் சுற்றியிருப்பதால் அந்தப் பெயர். பிறகு 1825-ல் அதைப் பிளெக்ட்ராந்தஸ் என்ற பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய செடிகளைச் சேர்த்துவைக்கிற தொகுப்புக்கு, மாற்றினார்கள். ஸ்வீடிஷ் ஐவியும் அதே பேரினம், பிளெக்ட்ராந்தஸ் வெர்டிசில்லாட்டஸ். ஆக ரொம்ப காலம் இரண்டும் ஒரே பேரினப் பெயரோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்தன, பழைய புத்தகங்களும் நர்சரிச் சீட்டுகளும் இன்னும் அப்படித்தான் சொல்லும். மரபணு ஒப்பீடுகளுக்குப் பிறகு 2019-ல் கோலியஸைத் திரும்பத் தனியாகப் பிரித்தார்கள், கற்பூரவள்ளி பழைய பெயருக்கே போய்விட்டது, ஸ்வீடிஷ் ஐவி பிளெக்ட்ராந்தஸிலேயே தங்கிவிட்டது. உங்களுக்குச் சொன்னவர் பழைய பெயரை வைத்துச் சொல்லியிருக்கலாம். கூடப்பிறந்தவை என்று நினைக்க வேண்டாம், ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் கூத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் இருக்கிற நிஜமான ஆபத்து செடியில் இல்லை, பெயரில்தான் இருக்கிறது. ஸ்வீடிஷ் ஐவி ஸ்வீடனைச் சேர்ந்ததும் இல்லை, ஐவியும் இல்லை. அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு, மொசாம்பிக்கிலிருந்து தென் ஆப்பிரிக்கா வரை. ஸ்வீடன் பக்கத்தில் வீட்டுக்குள் வளர்க்கும் செடியாக முதலில் பிரபலமானதால் அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது, கொடி மாதிரி தொங்குவதால் ஐவி. கொடி என்பதே கூட மரியாதைக்குச் சொல்வதுதான், அதற்குப் பற்றுக்கம்பியும் கிடையாது, ஒட்டுவேரும் கிடையாது, எதிலும் ஏறாது, சும்மா வழிந்து தொங்கும். கற்பூரவள்ளி கதையும் இதேதான். உலகச் சந்தையில் அதற்குக் கியூபா ஒரிகானோ, ஸ்பானிஷ் தைம், மெக்சிகன் மின்ட் என்றெல்லாம் பெயர், ஆனால் அது கியூபாவிலும் ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் பிறந்ததில்லை, ஒரிகானோவும் தைமும் மின்ட்டும் இல்லை. அம்போய்னிகஸ் என்பது இந்தோனேசியாவின் அம்பான் தீவைக் குறிக்கிறது, அதுவும் சொந்த ஊர் இல்லை. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவும் அரேபியத் தீபகற்பமும் இந்தியாவும்தான் அதன் இயற்கையான இடங்கள். தமிழில் மட்டும் கற்பூரவள்ளி, ஓமவல்லி என்று ஊரைச் சொல்லாமல் மணத்தைச் சொல்லிப் பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு அதுதான் சரியான பெயராகப் படுகிறது.

இப்போது அந்தச் சிரப் பாட்டிலுக்கு வருவோம். அதில் இருக்கிற ஐவி ஹெடெரா ஹெலிக்ஸ், சுவரிலும் மரத்திலும் ஏறி அப்பிக்கொள்கிற நிஜ ஐவி. அது அராலியேசி குடும்பம், ஜின்செங்கின் சொந்தக்காரர், உங்கள் தொங்கு தொட்டிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அந்த ஐவியின் காய்ந்த இலையிலிருந்து அளவு பார்த்து எடுத்த சாறுதான் சிரப்பில் போகிறது. பச்சை இலையைப் பறித்துத் தின்றால் அதிலுள்ள சபோனின்கள் வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்க வைக்கும், இலைச்சாறு கையில் பட்டால் சிலருக்குத் தோல் சிவந்து கொப்பளிக்கும், அதற்குக் காரணம் ஃபால்கரினால் என்ற வேதிப்பொருள். அதாவது பாட்டிலில் மருந்தாக இருப்பதே செடியாக இருக்கும்போது தின்னக்கூடாதது, அதன் பெயரை மட்டும் இரவல் வாங்கிய இன்னொரு செடியை அந்த நம்பிக்கையில் கொதிக்கவைப்பது இன்னும் ஒரு படி தூரம்.

இதற்கு மேல் இன்னொரு குழப்பமும் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்வீடிஷ் ஐவியை 'கிரீப்பிங் சார்லி' என்றும் கூப்பிடுவார்கள். அதே பெயரில் கிளெகோமா ஹெடெராசியா என்ற தரையில் படரும் களை ஒன்று இருக்கிறது, அதுவும் புதினாக் குடும்பம்தான். ஐரோப்பாவில் அதற்கு மூலிகை என்ற பழைய பேர் உண்டு, பீருக்குக் கசப்பு கொடுக்கும் ஹாப்ஸ் பூ புழக்கத்துக்கு வரும் முன் பீரில் கூடப் போட்டார்கள், ஆனால் அதிகமாக மேய்ந்த குதிரைகளுக்கு அது விஷமாகியிருக்கிறது. போதாதற்குப் பைலியா நம்முலாரிஃபோலியா என்ற மூன்றாவது தொங்கும் செடிக்கும் இதே சார்லி பெயர்தான். 'கிரீப்பிங் சார்லியின் மருத்துவப் பயன்கள்' என்று எங்காவது படித்தால் அது இந்த மூன்றில் எதைப் பற்றி என்று எழுதியவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். தாவரவியல் பெயர் போடாத மூலிகைக் குறிப்பை நான் படிப்பதோடு விட்டுவிடுவேன், செய்து பார்க்கமாட்டேன்.

சரி, இலைக்கு வருவோம். ஸ்வீடிஷ் ஐவி இலையைத் தடவினால் மெழுகு பூசினது போல வழுவழுப்பாக, பளபளவென்று, விளிம்பு வளைவு வளைவாக வெட்டிய சின்ன வட்டமாக இருக்கும், சில செடிகளில் அடிப்பக்கமும் தண்டும் லேசாக ஊதா ஓடும். கசக்கினால் பச்சை வாடைதான் வரும், மிஞ்சிப்போனால் மெலிதாக ஏதோ ஒரு மணம். கற்பூரவள்ளி இலை இதற்கு நேரெதிர்: தடிமன், சதைப்பற்று, மேலே வெல்வெட் மாதிரி மயிர், பக்கத்தில் போய் உரசினாலே ஓமவாடை தூக்கும். அந்த மயிர்களில் ஒரு பகுதி வெறும் மயிர் இல்லை, நுனியில் எண்ணெய்ச் சுரப்பி உள்ளவை. விரல் பட்டால் அது உடைந்து எண்ணெய் வெளியே வரும். எண்ணெயில் பெரும்பங்கு கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பொருள்கள். தைமால்தான் ஓமத்துக்கும் அந்த மணத்தைக் கொடுப்பது, கார்வக்ரால் ஒரிகானோவின் காரம். இரண்டுக்கும் மூலக்கூறில் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றேதான், ஒரு கிளை ஒட்டியிருக்கும் இடம் மட்டும் மாறும். செடிக்குச் செடி இவற்றின் விகிதம் வேறுபடும், அதனால்தான் ஒரு வீட்டுக் கற்பூரவள்ளி ஓமம் மாதிரியும் இன்னொரு வீட்டுச் செடி ஒரிகானோ மாதிரியும் மணக்கிறது. செடி ஏன் இவ்வளவு செலவு செய்து எண்ணெய் தயாரிக்கிறது என்றால் நமக்கு இருமல் வரும் என்று கருணை வைத்து அல்ல, தன்னைத் தின்ன வரும் பூச்சிகளையும் தாக்க வரும் பூஞ்சைகளையும் விரட்ட.

மருந்து என்கிற பேச்சு எல்லாம் அந்த எண்ணெயிலிருந்தும் இலையில் உள்ள வேறு சில பொருள்களிலிருந்தும் வருவது. ஸ்வீடிஷ் ஐவியில் அந்தச் சரக்கு அப்படி இல்லை, உறவினர் என்பதற்காக வந்துவிடாது. ஒரே குடும்பத்தில் ஒருவர் பாடகர் என்றால் எல்லோரையும் மேடை ஏற்றுவோமா?

கற்பூரவள்ளிக்காவது ஆதாரம் எவ்வளவு இருக்கிறது என்றால், கலவையாக இருக்கிறது. இருமல் சளிக்கு அது பல நாடுகளில் தலைமுறைகளாகப் பயன்பட்டிருக்கிறது. சோதனைக்கூடத் தட்டில் கார்வக்ராலும் தைமாலும் பாக்டீரியாவைக் கொல்வதும் உண்மை, ஆனால் தட்டில் கொட்டுகிற அடர்த்தியும் ஒரு டம்ளர் கஷாயத்தில் கரைந்து உடம்புக்குள் போய்ச் சேர்கிற அளவும் ஒன்றில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்றால் குடிக்கலாம், ஒன்றிரண்டு இலை போதும். கைப்பிடி கைப்பிடியாகப் போட்டால் அதிக குணம் கிடைக்காது, வாய் எரிச்சலும் வயிற்று எரிச்சலும்தான் கிடைக்கும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், தினமும் மாத்திரை எடுப்பவர்கள் விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ சளியில் ரத்தம் தெரிந்தாலோ எந்த இலையும் வேண்டாம், நேரே மருத்துவமனை.

மனிதர்களிடம் முறையாகச் சோதித்த ஒரு நல்ல உதாரணம் இருமல் பற்றியது கூட இல்லை என்பது வேடிக்கை. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்காக ஓஎன்101 என்ற களிம்பைச் செய்தார்கள், அதில் இருப்பது கற்பூரவள்ளியிலிருந்தும் வல்லாரையிலிருந்தும் பிரித்தெடுத்த சாறுகள். தைவான், சீனா, அமெரிக்கா மூன்று நாடுகளிலுமாக 236 பேரிடம் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். 16 வாரத்தில் களிம்பு போட்டவர்களில் 60.7 சதவீதம் பேருக்குப் புண் முழுதாக ஆறியது, ஒப்பீட்டுக்கு வெறும் உறிஞ்சும் கட்டு போட்டவர்களில் 35.1 சதவீதம். நல்ல முடிவுதான். ஆனால் இதைப் படித்துவிட்டு இலையை அரைத்துக் காலில் அப்புகிறவர் இருப்பார் என்று தெரிந்தே சொல்கிறேன்: அது தொழிற்சாலையில் சுத்தமாகப் பிரித்தெடுத்து, அளவிட்டு, கிருமி நீக்கிச் செய்தது. தோட்டத்து இலையில் மண் இருக்கும், பூஞ்சை இருக்கும், சர்க்கரை நோயாளியின் திறந்த புண்ணில் அதை வைப்பது காலையே பறிக்கும் காரியம்.

இப்போது பூனை. அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்குநல அமைப்பு வைத்திருக்கும் செடிப் பட்டியலில் ஸ்வீடிஷ் ஐவி நாய்க்கும் பூனைக்கும் நஞ்சில்லாதது என்று இருக்கிறது. கற்பூரவள்ளியோ நாய், பூனை, குதிரை மூன்றுக்கும் நஞ்சு என்ற பக்கத்தில். காரணம் அதே வாசனை எண்ணெய். வாந்தி, பேதி, சிலசமயம் அவற்றில் ரத்தம், சோர்வு, சாப்பிடாமல் கிடப்பது எல்லாம் வரலாம். பூனையின் கல்லீரல் இந்த மாதிரி ஃபீனால் வகைப் பொருள்களை நம்முடையதைப் போல வேகமாக மாற்றி வெளியேற்றாது, அதனால் நமக்கு மருந்தாகிற அளவே அதற்குப் பாரமாகிவிடும். நல்லவேளையாக அந்த வாடைக்கே பல பூனைகள் கிட்ட வராது, என்றாலும் குட்டிப் பூனைகளை நம்பமுடியாது, எட்டாத இடத்தில் வையுங்கள். ஸ்வீடிஷ் ஐவியையும் பூனை நிறையத் தின்றால் கொஞ்சம் வாந்தி எடுக்கும், அது எந்தப் பச்சிலையைத் தின்றாலும் நடப்பது. ஆனால் நிஜ ஐவி பூனைக்கும் நஞ்சு, அதனால் தொங்கு தொட்டியில் இருப்பது எந்த ஐவி என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்: தண்டு உருண்டையா நான்கு மூலையா, இலை ஒன்றுவிட்டு ஒன்றா எதிரெதிரா, இரண்டே கேள்விதான்.

வளர்ப்பு. இதில் நானே ஒரு செடியைக் கொன்றிருக்கிறேன். உறவுக்காரச் செடிகள்தானே என்று இரண்டையும் ஒரே ஜன்னலோரம், ஒரே மண்கலவை, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்று வைத்தேன். ஸ்வீடிஷ் ஐவி ஜம்மென்று இரண்டடி தொங்கியது, கற்பூரவள்ளி முதலில் கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு வெளிச்சத்தைத் தேடி நீண்டது, மணம் குறைந்தது, அப்புறம் அடித்தண்டு கறுத்து ஒருநாள் அப்படியே சாய்ந்தது. இழுத்துப் பார்த்தால் வேர் கூழாகியிருந்தது. சதைப்பற்றான இலையும் தண்டும் தண்ணீரைத் தாங்களே சேமித்து வைத்துக்கொள்பவை, மயிர்ப் படலம் ஆவியாதலைக் குறைக்கிறது, ஆக அந்தச் செடி தயாராக இருப்பது வறட்சிக்கும் வெயிலுக்கும். ஈரத்திலேயே நின்றால் வேர் மூச்சுவிடமுடியாமல் அழுகும். மணல் தாராளமாகக் கலந்த, தண்ணீர் நிற்காத மண், தினமும் சில மணிநேரமாவது நேர் வெயில், மண் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். நல்ல வெயில் கிடைத்தால் இலை சிறுத்துத் தடிக்கும், மணம் ஏறும். நிழலில் வளர்ந்த பெரிய பச்சை இலை பார்க்க அழகு, மூக்குக்கு ஏமாற்றம். உறைபனி மட்டும் அதற்கு ஆகாது.

ஸ்வீடிஷ் ஐவிக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் காய்ந்தால் தண்ணீர், நல்ல வெளிச்சம் ஆனால் நேர் வெயில் வேண்டாம், பட்டால் இலை வெளுத்துப் பழுப்பாகும். தண்ணீர் மறந்துபோனால் துவண்டு தொங்கி உங்களைக் கூப்பிடும், ஊற்றினால் சில மணிநேரத்தில் எழுந்துவிடும். நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் மேலே வழுக்கை, கீழே மட்டும் வால் என்று ஆகிவிடும். கிள்ளியதைத் தண்ணீரில் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர். இந்த எளிமையால்தான் அது வீடு வீடாகப் பரவியது. 1961-ல் அயர்லாந்துத் தூதர் அமெரிக்க அதிபர் கென்னடிக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஸ்வீடிஷ் ஐவி, ஓவல் அலுவலகத்தின் கணப்பு மேடையில் பல அதிபர்கள் மாறியும் பல பத்தாண்டுகள் இருந்தது, அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் அதிலிருந்து ஒரு துண்டு ஒடித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

கற்பூரவள்ளியும் தண்டு ஒடித்து நட்டால் வரும், விதையை எதிர்பார்க்கவேண்டாம். ஆனால் தண்ணீரில் வைப்பதைவிட ஒடித்த இடத்தை ஒருநாள் காயவிட்டு நேராக மண்ணில் நடுவது அழுகாமல் இருக்க நல்லது. பூச்சி என்றால் இரண்டுக்கும் மாவுப்பூச்சிதான் முக்கியத் தொல்லை, கணு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, கஷாயத்துக்குப் பறிக்கிற செடியில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். கடையிலிருந்து புதிதாக வாங்கிவந்த செடியின் இலையையும் உடனே பறிக்காதீர்கள், அங்கே என்ன அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது, புதுத் துளிர் நன்றாக வந்த பிறகு அதைப் பறியுங்கள்.

கடைசியாக, வெள்ளை விளிம்பு போட்ட செடி யாராவது கொடுத்தால் கொஞ்சம் நிதானம். கற்பூரவள்ளியிலேயே வெள்ளை விளிம்பு வகை உண்டு. மின்ட்லீஃப் என்கிற கோலியஸ் மடகாஸ்காரியென்சிஸும் வெள்ளை விளிம்போடு தொங்கும், அதை ஸ்வீடிஷ் ஐவி என்றே சிலர் விற்கிறார்கள். விக்ஸ் செடி என்கிற இன்னொரு மயிரிலைச் செடியைக் கற்பூரவள்ளி என்று நினைத்துக் கஷாயம் வைத்தவர்களும் இருக்கிறார்கள், அது மோந்து பார்க்க நன்றாக இருக்கும், குடிக்க அல்ல. ஒரு இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். ஓமம் அல்லது ஒரிகானோ வந்து இலை தடிமனாக இருந்தால் கற்பூரவள்ளி. மென்தால் குப்பென்று ஏறினால் விக்ஸ் செடி. புதினா மாதிரி லேசாக வந்தால் மின்ட்லீஃப். வழுவழுப்பான இலை, மணம் ஒன்றுமில்லை என்றால் உங்கள் ஸ்வீடிஷ் ஐவி, அதைத் திரும்பத் தொங்கவிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.